நான் சரி சொன்ன பச்சைக் கோடு

எனக்கு வாயைவிடக் கை நீளம். எங்கள் மலையூர் செம்மநத்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காப்பி எஸ்டேட்டில் பல வருஷம் ரைட்டராக இருந்தேன். விடிந்ததும் ஆள் பிரித்து, யார் எந்தப் பக்கம் பழம் பறிக்கப் போக வேண்டும் என்று அனுப்பும் வேலை. ஒரு நாள் பழம் பறிக்கிற பெண் ஒருத்தியை சூப்பர்வைசர் காது கூசும்படி ஏசினான். எடைத் தராசின் கொக்கியைக் கழற்றி அவன் முகத்தில் வீசினேன். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று, எனக்கு வேலை போயிற்று. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

வருத்தப்பட்டது என் மனைவிதான். ஒண்டிக்கடை என்கிற நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்கு. அன்று சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஏனுங்க, இனிமே எவன் என்ன சொன்னாலும் சரிங்கன்னு ஒத்த வார்த்த சொல்லிப்போட்டு வந்துருங்க. அதுக்கு மேல உங்க வாயும் பேச வேண்டாம், கையும் பேச வேண்டாம்" என்றாள். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்படி நான் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்த காலத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் நாலு பேர் மலையேறி வந்தார்கள். காட்டெருமைகள் காப்பித் தோட்டத்தைத் தாண்டி ரோட்டுக்கும் ஊருக்கும் வரத் தொடங்கியிருந்தன. அவை ஆளை முட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். நாலு துறை சேர்ந்த ஒரே ஆராய்ச்சி என்றார்கள். வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒருவர் காட்டைப் பற்றிப் படித்த மேடம். சாணியைக் கண்டால் குந்திவிடுவார். குச்சியால் பிளந்து, மோந்து பார்த்து, பையில் கட்டிக்கொள்வார். இரண்டாவது ஆள் கேமராக்காரர். மரத்துக்கு மரம் பெட்டி கட்டினார்; எதிரில் எது அசைந்தாலும் அது தானாகப் படம் பிடிக்கும். அவருக்கு எருமை பற்றிய கவலையைவிட பேட்டரி பற்றிய கவலை அதிகம். மூன்றாவது டாக்டரம்மா. வீடு வீடாகப் போய், யாரை முட்டியது, யார் ஓடி விழுந்தார்கள், பயத்தில் யாருக்குத் தூக்கம் போயிற்று என்று கட்டம் போட்ட தாளில் எழுதுவார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தவர் அவர் ஒருவர்தான்.

நாலாவது கணக்கு சார். சேலத்துக்காரர், ஒல்லி, கண்ணாடி போட்டவர். காட்டுக்குள் கால் வைக்க அவருக்கு நடுக்கம். லாட்ஜிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். மற்ற மூன்று பேரும் கொண்டுவருகிற சாணியும் படமும் காயமும் அவரிடம் வந்ததும் எண்ணாகிவிடும். அந்த எண்களை வைத்து எருமை நாளைக்கு எந்த வழியில் வரும் என்று சொல்லிவிடுவேன் என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அவர்களுக்குள்ளும் அப்படித்தான். ஒருவர் வேலையை இன்னொருவர் நக்கலடிக்க நான்தான் கிடைத்தேன். சாணி பொறுக்குவது ஒரு படிப்பா என்று கேமராக்காரர் கேட்பார். படம் பிடிப்பது மட்டும் படிப்பா என்று மேடம் கேட்பார். இருவருக்கும் நான் சரிங்க என்பேன்.

எனக்கு இட்ட வேலை, கையில் ஒரு கருவியோடு எல்லா வழியிலும் நடப்பது. போகிற வழியையும் எருமை தட்டுப்படும் இடத்தையும் அது பதிந்துகொள்ளும். கார்த்திகையில் தொடங்கித் தை கடைசி வரை நடந்தேன். அது பழம் பறிக்கும் காலம். எங்கள் ஊரிலிருந்து எஸ்டேட் வழியாக பஸ் ரோட்டுக்கு இறங்கும் குறுக்கு வழி அப்போது கல்யாண வீடு மாதிரி இருக்கும். செடிக்குச் செடி பெண்களின் பேச்சு, செல்போனில் பாட்டு. அந்தச் சத்தத்தில் ஒரு எருமையும் கிட்ட வராது. பறிப்பு முடிந்து மாசி பிறந்தால் அதே வழி செத்துவிடும். கீழே ஒரு சுனை இருக்கிறது. வெயில் காலம் தொடங்கியதும் தண்ணீருக்கு எருமைகள் அங்கேதான் வரும். நான் ரைட்டராக இருந்தவரை மாசிக்கு மேல் ஓர் ஆம்பளையைக்கூடத் தனியாக அந்தப் பக்கம் அனுப்பியதில்லை.

இதை முதல் வாரத்திலேயே சொல்ல வாயெடுத்தேன். "கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ண்ணா. எத்தனை உருப்படி பார்த்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மேடம். மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாக இப்போது நினைக்கவில்லை. அப்போது எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சரிங்க என்றேன். நடக்கத்தானே சம்பளம், நடந்துவிட்டுப் போகிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

தை முடியும்போது கணக்கு சார் ஒண்டிக்கடையில் ஒரு டீக்கடைக்கு என்னைக் கூப்பிட்டார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். மலை முழுக்கக் கோடுகள். சிவப்பு என்றால் எருமை வரும், பச்சை என்றால் பயமில்லாமல் போகலாம். இது எல்லார் போனிலும் வரப்போகிறது என்றார். எங்கள் குறுக்கு வழி வெற்றிலை நிறத்தில் பளிச்சென்று பச்சையாக இருந்தது.

"எல்லாம் நீங்க நடந்து எடுத்ததுதான். சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மாசி வந்தால் இது பச்சை இல்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கேமராவில் முதல் எருமை விழும்போது இவர்கள் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன். "சரிங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்து இன்னொரு டீ சொன்னார். அதை ருசித்துக் குடித்தேன்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை. என் மனைவியை நான்தான் தினமும் வண்டியில் வைத்து ரோட்டைச் சுற்றி பஸ்ஸுக்குக் கொண்டுவிடுவேன். அன்று கேமராக்காரரோடு மாரமங்கலம் பக்கம் பேட்டரி மாற்ற விடியுமுன்பே போய்விட்டேன். எட்டு மணி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "உங்க ஊட்டுக்காரம்மாவ எருமை முட்டிப்போட்டுதுங்க. சுனைக்கு மேல கெடக்குது, சீக்கிரம் வாங்க" என்றார்.

காப்பிச் செடிகளுக்குள் மல்லாந்து கிடந்தாள். கொம்பு தொடைக்கு மேலே ஏறி, இடுப்போரம் வயிற்றைக் கிழித்திருந்தது. உள்ளே இருப்பது வெளியே வராமல் முந்தானையைச் சுருட்டி இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி ஆராய்ச்சிக்காரர்களின் ஜீப்பில் போட்டோம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க, சேலத்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, என் கையை அந்தக் கிழிசலில் வைத்து அழுத்திக்கொண்டே போனேன். முழங்கை வரை சூடாக ரத்தம். வளைவு திரும்பும்போதெல்லாம் அது விரல் சந்தில் பீறிட்டது. அடிக்க மட்டுமே பழகிய கை அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது.

பாதி மலை இறங்கியபோது கண்ணைத் திறந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்க. போன்ல பச்சைன்னு காட்டுச்சு. நீங்க நடந்து போட்ட கோடுதானேன்னு போனேனுங்க" என்றாள்.

பிழைத்துக்கொண்டாள். இடது கால் மட்டும் இனிமேல் பழையபடி வராது என்றார்கள். மறுநாள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அழுதார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். அழுகையைத் துடைத்த கையோடு கேள்வியும் வந்தது. டாக்டரம்மா காயத்தின் ஆழம் கேட்டார். மேடம் அது ஆணா பெண்ணா, தனியாக நின்றதா என்று கேட்டார். போன் எச்சரித்துச் சத்தம் கொடுத்ததா என்று கேமராக்காரர் கேட்டார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த என் மனைவி எல்லாருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

பிறகு வராந்தா பெஞ்சில் கேமராக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். சுனைக்கு மேலே நான் என் கையால் கட்டிய, தைக்குப் பிறகு யாரும் திறந்து பார்க்காத பெட்டியில் எல்லாம் விழுந்திருந்தது. சத்தம் இல்லாத படம். கையில் போனோடு அவள் வருகிறாள். நிற்கிறாள். திரும்புகிறாள். எருமை தலையைத் தாழ்த்துகிறது. அவள் மேலே போய்க் கீழே விழுகிறாள். எழப் பார்க்கிறாள். மறுபடியும் மேலே போகிறாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயசான ஒத்தை ஆண் என்று மேடம் முணுமுணுத்தார். கணக்கு சார் மட்டும் திரும்பத் திரும்ப அதையே ஓடவிட்டார். கடைசியில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்படிங்க? நீங்க நடந்தப்போ ஒரு தடவகூட வரலையே" என்றார்.

உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கில் ஒரு குத்து விட்டேன். கண்ணாடி உடைந்தது. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தேன், தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் குத்தினேன். லேப்டாப் மேலெல்லாம் ரத்தம். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "இந்த ஆள்தான் என் பொண்டாட்டியக் கொன்னுப்போட்டான்" என்று கத்தினேன். அவள் உள்ளே உயிரோடுதான் இருந்தாள். அவர் இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அடித்தேன். அது எனக்கு அடிக்கும்போதே தெரியும்.

நான் கத்தியதை ஊர் நம்பிற்று. அந்த வாரமே ஆம்பளைகள் கொடுவாளோடு கிளம்பி மரத்துக்கு மரம் பெட்டிகளை வெட்டிச் சாய்த்தார்கள். முன்னால் நடந்தது நான். சுனைக்கு மேலே இருந்த பெட்டியை வெட்டி, கல்லில் வைத்துத் தூள் தூளாக நசுக்கினேன். ஆராய்ச்சி நின்றுபோயிற்று. போலீஸ் கேட்டபோது கணக்கு சார் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிக் காற்று அடிக்கிற சமயம் அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மூக்கின் மேல் தழும்பு. என் மனைவி ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், சிக்னல் இல்லை என்றும் மதம் பிடித்த எருமை என்றும் பயத்தில் அவள் ஓடியது தப்பு என்றும் சொல்கிறார்கள் என்றார். தப்பு தன் கணக்கில்தான் என்று, மேலே அனுப்ப ஓர் அறிக்கை எழுதிக் கொண்டுவந்திருந்தார். தமிழில் படித்துக் காட்டினார். வழி காட்டியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. தாளை என்னிடம் நீட்டினார்.

"சரியா இருக்குதுங்களா?" என்றார்.

அதே கேள்வி. நான் தாளை வாங்கவில்லை. "சரின்னு சொல்லுங்க. பாவம், அடியும் வாங்கிப்போட்டு இவ்வளவு தூரம் வந்திருக்குது அந்த மனுசன்" என்றாள் என் மனைவி.

"சரியில்லைங்க" என்றேன்.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பழம் பறிப்பு, சுனை, அந்தச் சிரிப்பு, டீக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"தெரிஞ்சேவா?" என்று கேட்டாள் அவள்.

"தெரிஞ்சேதான் புள்ள."

எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. ஊன்றுகோல் என் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறுபடியும் ஓங்கினாள், மறுபடியும். கணக்கு சார் தடுக்க வந்து அவரும் ஒன்று வாங்கினார். நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். கடைசியில் அவளே நிலை தவறி என் மேல் விழுந்தாள். பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பல நாள் என்னோடு பேசவில்லை.

டாக்டரம்மா மட்டும் அவள் காலைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். அடுத்த முறை வந்தபோது என் தோளில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்தார். எருமையா, விழுந்ததா என்று கேட்டார். கீழே விழுந்துட்டேனுங்க என்று நான் இழுத்தேன்.

"இல்லீங்க டாக்டரம்மா. நான்தான் அடிச்சேன். எதுக்குன்னும் சொல்றேன், அப்படியே எழுதிக்குங்க" என்றாள் கட்டிலிலிருந்து.

அந்தத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. அவள் சொல்லச் சொல்ல டாக்டரம்மா ஓரத்தில் எழுதினார். என் மனைவி கையை நீட்டி அதை வாங்கினாள். எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் சரிங்க என்றாள்.