மதினியின் ஒற்றைக் கண்

எங்கள் பசுவந்தனையில் யார் கண்ணில் தூசி விழுந்தாலும் என் மதினி வேலுத்தாயைத்தான் தேடி ஓடுவார்கள். இமையை விரித்து நாக்கு நுனியால் ஒரு துழாவு துழாவுவாள். உளுந்துச் செத்தையோ பருத்திப் பிசிறோ வந்துவிடும். அவளுக்கு இருப்பதோ ஒற்றைக் கண். இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது.

விதைப்புக்கு முன்னால் புஞ்சை ஓரம் சீமைக்கருவேலம் வெட்டும்போது அந்த ஒற்றைக் கண்ணில் முள் குத்திவிட்டது. ஊருக்கெல்லாம் எடுக்கிறவளுக்கு யார் எடுப்பது? முள்ளைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற காளீஸ்வரியை நாக்கால் துழாவச் சொன்னாள்!

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி" என்று கத்தினேன்.

"ஏட்டி, போ! பெரிய டாக்டரு!"

நாலு நாளில் வலியும் போய்விட்டது. நானும் விதைப்பு வேலையில் அதை மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் உளுந்துக்குக் களை எடுக்கிறோம், மதினி பயிரையும் சேர்த்துப் பிடுங்குகிறாள்! கிட்டப் போய்ப் பார்த்தால் கண்மணிக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு. கண்புரைதான், முற்றினால் எடுத்துக்கொள்ளலாம் என்றது ஊர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத் தரதரவென்று இழுத்துக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றினேன்.

"இதுவும் போச்சுன்னா நா என்னட்டி செய்வேன்?" வழி நெடுக அதே பேச்சு.

டாக்டரம்மா கருவியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இது புரை இல்லம்மா. கண்ணு லென்ஸுக்குள்ள சீழ்! நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

முள் குத்திய ஓட்டை மூடிக்கொள்ள, கிருமி உள்ளேயே மாட்டிக்கொண்டு பெருகியிருக்கிறதாம். வெளியே பரவுவதற்குள் எடுத்தாக வேண்டும், பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். நாக்கால் துழாவுகிற கதையை நான் சொன்னதும், இனி யார் கண்ணிலும் நாக்கு படக் கூடாது என்று ஒரு அதட்டும் போட்டார்.

மறுநாளே ஆபரேஷன். சீழோடு முள்ளின் நுனியும் வந்ததாம்! வேறு லென்ஸ் வைத்து, மருந்து போட்டுக் கட்டினார்கள். அன்றைக்கு நான் வேண்டாத சாமி இல்லை.

அடுத்த நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். மதினி கண்ணைக் கொட்டினாள். வெறும் சுவரைப் பார்த்தாள். இதுவும் போச்சோ என்று எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏட்டி செல்வி, ஒங் கண்ணுல ஏன் இப்படித் தண்ணி ஊத்துது? தூசியா?"

"தெரியுதா மதினி!" வார்டே அதிரக் கத்தினேன்.

அவள் அதற்குள் என் மோவாயைப் பிடித்து, இமையை விரித்து, நாக்கை நீட்டிவிட்டாள். "அம்மா!" என்று டாக்டரம்மா பாய்ந்து வந்தார். மதினி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள், இமையை மட்டும் விடவில்லை. உற்றுப் பார்த்தாள்.

"தூசி ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. சும்மா அழுதுக்கிட்டு நிக்கா, மூதேவி!"