சுன்னா பெரியம்மாவின் பல்சக்கரம்

சுன்னா பெரியம்மாவின் மோட்டார் பனிவண்டி இழுத்த இழுப்பில் வடதுருவம் ஒரு முழம் தெற்கே நகர்ந்துவிட்டது. யாரும் போய் அளந்து பார்க்காததால் செய்தித்தாளில் வரவில்லை. நார்வேயின் வடகோடி ஊரான கவுத்தொகெய்னோவின் பெட்ரோல் பங்கில் இதை அறிவித்தவர் பெரியம்மாதான். அப்போது அவர் வண்டி நாலு பாகமாகப் பிரிந்து கிடந்தது.

புருஷன் இறந்துபோனபிறகு வசந்தத்தில் கலைமான் மந்தையைக் கடற்கரைக்கு ஓட்டிப்போகும்போது முன்வண்டியில் போவது பெரியம்மா. பழக்கின மான் ஒன்றை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் போவார், மந்தை அதன் பின்னால் வரும். அந்த முன்னிடத்தின் மேல் கொழுந்தன் ஹெய்க்காவுக்கு ரொம்ப நாளாகக் கண்.

வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டையைப் புதிதாக வாங்கவேண்டி வந்தபோது ஊரே ஆலோசனை சொன்னது. நீளப் பட்டை, உயரப் பல் என்றால் பொலபொலவென்ற பனியில் மிதக்கும். உறைந்த ஆற்றுமேல் இறுகிக் கிடக்கும் தடத்திலோ திரும்பாது, பட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சறுக்குக் கட்டைகளில் பனி தெறித்துக் குளிராததால் அவை உருகும். குட்டைப் பட்டை தடத்தில் பறக்கும், புதர்க்காட்டில் புதையும். பெரியம்மாவுக்கு இரண்டும் வேண்டும். காபித்தூள் வாங்க ஆற்றுத் தடம், மான் தேட தடமில்லாத காடு. நடுத்தரமாக ஒன்றை வாங்கினார்.

"நீளமும் இல்ல, குட்டையும் இல்ல. என்ன அண்ணி இது?" என்றார் ஹெய்க்கா.

"உன் மீசை மாதிரின்னு வெச்சுக்கோ."

அதோடு நின்றிருந்தால் நல்லது. செயின் பெட்டிக்குள் மேலே உட்காரும் பல்சக்கரத்தையும் பெரிதாக மாற்றினார். பெரிது என்றால் வேகம், சிறிது என்றால் இழுவை. ஈஸ்டர் பனிவண்டிப் பந்தயத்தில் ஆற்றுப் பனியின் மேல் ஹெய்க்காவை முந்தவேண்டும், அவ்வளவுதான் காரணம்.

தங்கை மகள் ரிஸ்தென் செயின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மோட்டார் வகுப்பில் பாதிவரை படித்தவள் அவள். தலைமையாசிரியரின் வண்டிக் கைப்பிடியில் மீனெண்ணெய் தடவியதால் மீதிப் பாதி அவளுக்குக் கிடைக்கவில்லை.

"பெரியம்மா, சுமையை இழுத்துக்கிட்டு, மான் நடக்கிற வேகத்துல போனா, இந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் பெல்ட் வழுக்கும். சூடேறி அறுந்துடும்."

"என் பெல்ட்டு. அறுந்தா அறுந்துட்டுப் போகுது."

பந்தயத்தில் பெரியம்மா ஜெயித்தார். ஹெய்க்கா கூட்டத்துக்கு நடுவே கேட்டார்: "இனி மந்தையை ஓட்டிக்கிட்டுக் கிளம்பணும். சக்கரத்தைச் சத்தமில்லாமக் கழட்டிடுவீங்க, இல்லையா அண்ணி?"

"நான் கழட்ட மாட்டேன்டா."

"வழியில குன்று ஏறும்போது ஒரு தடவை நின்னுட்டீங்கன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து முன்னால நான். நீங்க என் பின்னால இழுபடுற சறுக்குவண்டியில காபிக் கெட்டிலோட உக்காந்துக்கலாம்."

"சரிடா."

வீராப்பாகச் சொல்லிவிட்டு பெரியம்மா ஏன் அவ்வளவு நேரம் கையுறையைத் தட்டிக்கொண்டிருந்தார் என்று ரிஸ்தெனுக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். ரிஸ்தென் வயிற்றுவலி என்று படுத்தாள். வாசலில் கார்ச் சத்தம் ஓய்ந்ததும் வலி குணமாயிற்று. கொட்டகையில் பனிவண்டியின் செயின் பெட்டி எண்ணெயை வடித்து, பெரிய சக்கரத்தைக் கழற்றி, பழைய சின்னதை மாட்டி மூடினாள். பெரியம்மாவின் மேல் பிரியம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். விளையாட்டுக்குத்தான் செய்தாள் என்பது அவளுடைய முடிவு.

மந்தை ஓட்டம் கிளம்பியது. குன்றின் ஏற்றத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி, அடியில் பாறை. பின்னால் கட்டியிருந்த மானுக்கு அவசரம் எதுவும் இல்லை, நின்று நின்று நடந்தது. சுமைவண்டியோடு பெரியம்மா அதே நடையில் ஏறினார். இன்ஜின் சீராக முனகியது. நடுத்தரப் பட்டை ஓரிடத்தில் தோண்டியது, பிறகு மனம் மாறி மேலே வந்தது. உச்சிவரை எங்கேயும் நிற்கவில்லை.

பின்னாலேயே வந்த ஹெய்க்கா இறங்கி மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணி, பெல்ட் கருகுற வாசனையே வரல?"

"நான் குளிச்சிட்டு வந்தேன்டா."

ஹெய்க்கா மந்தையைப் பார்க்கப் போனார். பெரியம்மா நெருப்பு மூட்டி, ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ரிஸ்தெனிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பச்சைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"பெரிய சக்கரம் இவ்வளவு நல்லா இழுக்கும்னு நான் நெனைக்கவே இல்ல, பெரியம்மா."

"நானும்தான் நெனைக்கல. செயினை மட்டும் தொளதொளன்னு விட்டுட்டே. கிளம்புறதுக்கு முன்னாடி நான்தான் பெட்டியைத் திறந்து இறுக்கினேன்."

ரிஸ்தென் காபியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்தாள்.

"கழட்டினது நான் இல்லையே," என்றார் பெரியம்மா. "உன் வயித்துவலி இப்ப எப்படி இருக்கு?"