சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட பாட்டு

போன வாரம் கறிக்கு லீக்ஸ் அரியும்போது கத்தி சறுக்கி, இடது கை நடுவிரல் நுனியில் பட்டது. சின்னக் காயம்தான். ஆனால் இரத்தத்தைப் பார்த்ததும் வலியைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஊசி ஏற்றினாலும் எனக்குத் தெரியாது. செருப்பின் அடிப்பாகம் மாதிரி காய்த்துப் போன தோல். அது எப்போது மிருதுவானது, யாரைக் கேட்டுக்கொண்டு மிருதுவானது என்று விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தேன்.

கிட்டார் வாசித்த விரல்கள் அவை. வாசித்த என்பது கொஞ்சம் அதிகம். வாசிக்கப் பார்த்த விரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது இருந்தோம். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காக நான் வீட்டில் சும்மா இருந்த காலம். நுவரெலியாவில் ஒரு விடுதியில் வேலை பார்த்த மாமா, யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன கிட்டாரை முதலாளியிடம் கேட்டு வாங்கி, உரச்சாக்கில் சுற்றி, மழையில் பஸ் ஏறிக் கொண்டுவந்தார். சாக்கைப் பிரித்ததும் நனைந்த மரமும் யூரியாவும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது உரமூட்டை அவிழ்த்தால் எனக்குச் சங்கீத ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். ஆறு கம்பியில் மெல்லிய கம்பி அறுந்துபோயிருந்தது. கற்றுக்கொள்ள ஐந்து போதும் என்று மாமா சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இருவருக்கும் திருப்தி.

அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. காரணம் பக்கத்துக் காம்பரா மல்லிகா அக்கா. தோட்டத்து லயத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக வீடுகள், நடுவில் சுவர்கள். ஆனால் எங்கள் சுவர் கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் பசிக்கும். வாசலில் தண்ணீர் ஓடும் கானை யார் சுத்தம் செய்வது என்ற சண்டையில் அம்மாவும் மல்லிகா அக்காவும் பேச்சை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அக்கா கொழுந்து பறிப்பவர். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, தீபாவளிக்கு வருவார். தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அம்மாவின் மகள் என்பதால் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"இந்தச் சத்தத்துக்கு அவ சண்டைக்கு வரப்போறா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன், நீயே பதில் சொல்லிக்க" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

காசு கொடுத்துப் படிக்க நுவரெலியாவுக்குப் போகிற நிலைமை இல்லை. போனில்தான் படிக்க வேண்டும். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருந்த மேட்டில் மட்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பிள்ளைகளைத் தாலாட்டும் ஆயாவின் சத்தத்துக்கு நடுவே அங்கே குந்தியிருந்து வீடியோ பார்ப்பேன். சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு சுரக்கட்டுக்கும் விரல்களை வைக்கும் ஒரு வடிவம் உண்டு. வீட்டுக்கு இறங்கி வருவதற்குள் அது மறந்துவிடும். அதற்காக என் வலது கை மணிக்கட்டையே கிட்டாரின் கழுத்தாக நினைத்து, இடது கை விரல்களை அந்த வடிவத்திலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். வழியில் கங்காணி ஒருநாள் நிறுத்தி, கையில் சுளுக்கா என்று விசாரித்தார். இல்லை, கிட்டார் என்றேன். தைலம் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் வந்து அதே விரல்களை அதே இடத்தில் வைத்துத் தட்டினால், வீடியோவில் கேட்டது வராது. தகர டப்பாவுக்குள் பூனை விழுந்த மாதிரி ஒன்று வரும். விரலை மாற்றினேன், அழுத்தத்தை மாற்றினேன், உட்காரும் பலகையைக்கூட மாற்றினேன். விரல் நுனிகள் கொப்பளித்து, உடைந்து, காய்த்தன. வடிவம் சரி, சத்தம் தப்பு. ஏன்? அந்த 'ஏன்'தான் என்னை விடவில்லை. வாசிக்க வேண்டும் என்பதைவிட, இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

ஒருநாள் பின்னேரம், பெரிய வித்தையெல்லாம் வேண்டாம் என்று ஒரே கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். இங்கே அமுக்கினால் இது, அங்கே அமுக்கினால் அது. விரல் வலித்ததால் நிறுத்தினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்புக் கேட்டது. மல்லிகா அக்கா மலையிலிருந்து வந்து ரொட்டிக்கு மா பிசையும் நேரம். வார்த்தை இல்லை, வெறும் ராகம். ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, இறங்கியது. நான் அதைக் கம்பியில் தேடினேன். கிடைத்தது. அடுத்த கம்பியிலும் தேடினேன். அங்கேயும் கிடைத்தது, ஆனால் கிட்டார் கழுத்தின் வேறு கட்டத்தில்.

ஒரு கம்பியைக் கேட்டு இன்னொன்றைச் சரிபார்க்கலாம் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்லா வீடியோவின் தொடக்கத்திலும் வாசித்துக் காட்டும் ஆள் ஒரு கம்பியின் ஐந்தாவது கட்டத்தை அமுக்கி, அடுத்த கம்பியின் திருகை முறுக்கிக்கொண்டிருப்பான். பாவம், அவனுடைய கிட்டார் பழுது போலிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பகுதியை எப்போதும் தள்ளிவிட்டுவிடுவேன். பழுது என்னுடையதில். கிட்டாருக்குச் சுருதி சேர்க்க வேண்டும் என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் விரலைப் புண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்தாவது கட்டம் என்று எல்லாவற்றையும் முறுக்கினேன். கடைசிக் கம்பி மட்டும் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. அதற்கு நாலாவது கட்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பின்னேரங்கள் வேறு மாதிரி ஆகின. அந்தப் பக்கம் ராகம் வரும், இந்தப் பக்கம் நான் வாசிப்பேன். அது ஒரு அடி முன்னால் போகும், நானும் தட்டுத்தடுமாறிப் போவேன். பைப்படியில் மட்டும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காதவர் மாதிரி கீரை ஆய்வார்.

திடீரென்று அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அடுத்த நாளும் இல்லை. நான் வேண்டுமென்றே உரக்க வாசித்துப் பார்த்தேன். சுகமில்லையோ, ஏதும் கோபமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு லயத்தில் பேசிக்கொண்டார்கள். மல்லிகா அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாராம், பயிற்சிக்குப் போயிருக்கிறாராம்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய்ப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். சண்டை அவ்வளவுதான், முடிந்தது. அக்கா என்னிடம் நான் வாசிக்கும் அந்தச் சாமானைக் காட்டச் சொன்னார். கொண்டுவந்தேன். கையால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா? நான் பெரிய பெட்டியா இருக்கும்னு நெனச்சேன் பாப்பா."

அத்தனை நாள் கேட்டவர், அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பாடுங்கக்கா, வாசிக்கிறேன் என்றேன். அவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் விரல் ஓடவில்லை. இரண்டு மூன்று தரம் முயன்றோம். வரவே இல்லை. கடைசியில் அவர் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார். சங்கடமாகிவிட்டதோ என்று நான் நின்றுகொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராகம் வந்தது. முழுதாக, தயக்கமில்லாமல். நான் வாசித்தேன். அம்மா கீரையை விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. லயத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கோவா, அதாவது முட்டைக்கோஸ், பயிராகிறது. எங்களுக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. நல்ல சுவர், கூரை வரைக்கும் கட்டிய சுவர். பக்கத்து வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகு கிட்டார் தொடுவது குறைந்து, பிறகு நின்றே போனது. ஆனால் அந்த ராகம் எந்தப் பாட்டு என்ற கேள்வி மட்டும் போகவில்லை. போனுக்கு முணுமுணுத்துக் காட்டிப் பார்த்தேன், அதற்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

விரலில் காயம் பட்ட அதே வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மல்லிகா அக்காவைப் பார்த்தேன். நரை விழுந்திருந்தது. ஊருக்கு வந்து நாளாகிறதாம், நோர்வூட்டில் இருக்கிறாராம். கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை விசாரித்தார். நான் முதலில் கேட்டதே அதைத்தான்: அக்கா, அப்போது பாடுவீர்களே, அது என்ன பாட்டு?

அவர் புரியாமல் பார்த்தார்.

"நான் எங்க பாடுனேன்? நீதானே வாசிச்சுக்கிட்டு இருந்த. அதக் கேட்டு நான் சும்மா கூட முனகுவேன். ஒன் பாட்டுதானே அது?"

நோர்வூட் பஸ் வந்து நின்றது. அவர் பையைத் தூக்கினார். எப்படி இருக்கும் அது, ஒரு தரம் சொல்லு என்றார். அத்தனை சனத்துக்கு நடுவில், வெட்கத்தை விட்டு, நான் மெல்ல முனகிக் காட்டினேன். படியில் ஒரு காலை வைத்தபடி கடைசிவரை கேட்டார்.

"நல்லாருக்கே" என்றார். "யாரு பாட்டா இருக்கும்?"