பதினோரு ஒன்றுகள்

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டில் ஜைனப் தன் கணவர் ரவூபைப் பத்து மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் துண்டு துண்டாகத்தான் வந்தது. தேக்காவில் முப்பது வருடம் துணிக்கடையில் நின்றவர் ஜைனப். ஜூனியர் காலேஜில் கணக்கில் முதலாவதாக வந்தும் மேலே படிக்க வீட்டில் விடவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்த பகல்களில் அந்தப் பழைய ஆசை திரும்பியது.

அவர் எடுத்துக்கொண்ட எண் 11111111111. வரிசையாகப் பதினோரு ஒன்றுகள். இது பகா எண்ணா, இல்லை வேறு ஏதாவது எண்ணால் மீதியின்றி வகுபடுமா?

அப்படி வகுக்கும் பகா எண் இருந்தால், அதை 22 ஆல் வகுக்கும்போது ஒன்று மீதி வரவேண்டும். அதனால் 23, 67, 89, 199 என்று தாண்டித் தாண்டிப் போனார். ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை எதுவும் வகுக்கவில்லை என்றால் அது பகா எண்தான். ஏறக்குறைய ஆயிரம் வகுத்தல்கள். கால்குலேட்டர் கிடையாது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டார்.

ரவூபுக்குக் கணக்கு வராது. ஆனாலும் தினமும் கேட்பார்.

"கெடச்சுதா?"

"இன்னும் இல்லங்க."

ரமலானுக்கு முன்பு ரவூப் இறந்துபோனார். ஜைனப் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு வருடம் வகுத்து, கடைசி எண்ணையும் முடித்து, பகா எண் என்று நோட்டில் எழுதினார். அன்று மாலை புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த மகள் சாதியாவிடம் காட்டினார். சாதியா பெருமையாக ஃபோனில் எண்ணைத் தட்டினாள். பிறகு மறுபடியும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"உம்மா... இது பிரைம் இல்ல. 21649 பெருக்கல் 513239ன்னு காட்டுது."

ஜைனப் பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். பதினோரு ஒன்றுகளும் வந்தன. நோட்டுகளைப் புரட்டி 21649 இருந்த பக்கத்தைத் தேடினார். வகுத்தலின் நடுவே ஒரு கழித்தல்: 70121இலிருந்து 64947 போனால் 5174. அவர் 5274 என்று எழுதியிருந்தார். மேலே தேதி: ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காய்ச்சலா, ஆஸ்பத்திரியா, யாராவது கூப்பிட்டார்களா என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"விடுங்க உம்மா, ஒரு டிஜிட்தானே லா. யாருக்கு வேணாலும் நடக்கும்."

"அப்போ உன் வாப்பா இருந்தாரும்மா. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இருந்தாரு. தெனமும் கேட்டாரு. நான் இல்லைன்னே சொல்லிட்டிருந்தேன்."

சாதியா அவர் கையைப் பிடித்தாள். ஜைனப் அழவில்லை, கையை விடுவித்துக்கொண்டு தொழுகைக்கு ஒளு செய்யப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் பகலில் சாதியா வீட்டில் இருக்கிறார். காய் நறுக்கித் தருவார், துணி மடிப்பார். யாராவது கணக்குப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.