மத்யாஷ் சொன்ன ஒரு 'ஆம்'

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஸ்லாவின் என்ற எங்கள் ஊரின் வங்கியில் பதினெட்டு வருடம் மத்யாஷ் க்ரெய்ச்சியின் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான்.

செக் மக்களின் பொஹீமியாவிலிருந்து அவர் வந்தபோது வயது பதினைந்து. அக்கா ரோசாலியாதான் அமெரிக்கா வருவதாக இருந்தது. கிளம்பும் நேரத்தில் அப்பா படுத்த படுக்கையானார். "நீ போடா, நான் பின்னால வரேன்" என்று தம்பியைக் கப்பலேற்றினாள்.

வங்கியில் தரை கூட்டத் தொடங்கிய மத்யாஷ், நாற்பது வயதில் அதன் தலைவரானார். மழை பொய்த்த வருடங்களில்கூட யார் நிலத்தையும் அவர் ஏலத்துக்கு விட்டதில்லை. எங்கள் ஊர் செக் குடியானவர்கள் அதை மறக்கவில்லை. 1922இல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அன்று பேண்டு வாத்தியம் தெருத்தெருவாகப் போனது.

அப்பா, கணவர், போர் என்று ஒவ்வொன்றாக ரோசாலியாவைப் பிடித்து வைத்திருந்தன. 1924 தொடக்கத்தில் எழுதினாள்: "எல்லாரையும் அடக்கம் பண்ணியாச்சு. இப்ப வரலாமா?"

அப்போதுதான் வெளிநாட்டவர் வருகையைச் சுருக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. எங்களவர்களில் இதுவரை நாலைந்து பேர் வந்த இடத்தில் ஒருவர்தான் இனி வர முடியும். கட்சிக்காரர் ப்ராக்டர் வங்கிக்கே வந்தார்.

"நீங்க வேண்டாம்னு ஓட்டு போட்டா, பாத்தீங்களா, இந்த ஆளு இன்னும் வெளிநாட்டுக்காரன்தான்னு சொல்லுவாங்க சார்."

வாக்கெடுப்பில் மத்யாஷ் 'ஆம்' என்றார். "அக்காவுக்கு ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதானே ஆனேஷ்கா" என்றார் என்னிடம்.

அந்தக் கோடையில் ஊர் விருந்துக்கு வந்தார். பார்போரா ஷிமெக்கின் தம்பியும் ப்ராக் நகரில் விசாவுக்குக் காத்திருந்தான். அவள் பன்றி இறைச்சியைப் பரிமாறியபடியே கேட்டாள்:

"ஏம்பா மத்யாஷ், நீ உள்ள வந்ததும் கதவ சாத்திட்டியே, ரொம்பக் குளிருச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

நவம்பரில் மறுபடி ஜெயித்தார். தொகுதியில் ஆங்கிலம் பேசும் ஊர்களின் வாக்கு காப்பாற்றியது. எங்கள் ஊரில் பாதி வாக்குகூடத் தேறவில்லை.

அக்கா ஒருத்திக்காக மட்டும் தனிச் சட்டம் கொண்டுவரலாம் என்று சபை நண்பர்கள் சொன்னார்கள். அதை அவளுக்கு அவர் உற்சாகமாக எழுதிய கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். பதில் வந்தது: "எனக்கு முன்னாடி நம்ம பார்போரா தம்பி நிக்கிறான். அவனத் தாண்டி வந்து உங்க ஊர்ல நான் யார் மூஞ்சில முழிப்பேன்? வரிசையிலயே நிக்கிறேன்டா."

வரிசையிலேயே நின்றாள். 1929 குளிரில் நிமோனியா வந்து இறந்தாள். அவள் முறை வரவேயில்லை.

அடுத்த வருடம் மத்யாஷ் சபையில் எழுந்து, தான் செய்தது தவறு, சட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்டார். பலர் சாப்பிட எழுந்து போய்விட்டார்களாம். இலையுதிர்காலத் தேர்தலில் ஆங்கிலம் பேசும் ஊர்கள் அவரைக் கைவிட்டன.

வங்கியின் பழைய மேசைக்கே திரும்பினார். ஒருநாள் கேட்டேன், "அந்த ப்ராக்டர் மட்டும் வராம இருந்திருந்தா?"

பேனாவை மூடி வைத்தார்.

"அவன் வரலேன்னாலும் ஆம்னுதான் சொல்லியிருப்பேன் ஆனேஷ்கா. அந்த நாற்காலி எனக்குப் பிடிச்சிருந்துச்சு."