மீட்டர் யார் பெயரில் இருக்கிறது

என் மனைவி பருத்தி நைட்டி விற்கிறாள். கார்டன் ரீச்சுக்கு அப்பால் இருக்கும் தையல் சந்துகளில் துணி கொடுத்துத் தைத்து வாங்குவாள். கரியாஹாட் நடைபாதையில் இதைவிட மலிவாகக் கிடைப்பதால் வங்காளிப் பெண்கள் வாங்குவதில்லை. கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்களும் குறைந்துவருகின்றன. அதனால் போன வருடம் ஓர் இணையச் சந்தையில் கடை போட்டுத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாள். தீபாவளியை நம்பி நிறையத் தைத்தும் வைத்துவிட்டாள்.

மேற்கு வங்கத்துக்குள்ளேயே விற்றால் எங்கள் அளவு வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி எண் தேவையில்லை. அதே நைட்டி மாநில எல்லையைத் தாண்டினால் முதல் உருப்படிக்கே எண் வேண்டும். நாடு முழுவதும் ஒரே வரி என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் இது.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை படித்தேன். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், மின்கட்டண ரசீது எல்லாம் இணைத்தேன். ரசீதில் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் வேறாக இருப்பது ஏன் என்று கேள்வி வந்தது. மீட்டர் வீட்டுக்காரரின் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இறந்து பல வருடங்களாகின்றன. வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் சொத்து வழக்கு நடப்பதால் பெயரை மாற்ற முடியவில்லை. இந்த ஊரின் பழைய வீடுகளில் இது சாதாரணம். நடந்ததை அப்படியே எழுதி, இறப்புச் சான்றிதழையும் வைத்து அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள்.

வரி வேலை பார்த்துத் தரும் ஆளிடம் போனோம். படித்துப் பார்த்துச் சிரித்தார். இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்.

"தாதா, அவர் செத்துட்டார்னு உங்களை யார் எழுதச் சொன்னா? அவரே சம்மதம் குடுத்ததா புதுசா போடுங்க. பழசை யாரும் தேடிப் பார்க்கமாட்டாங்க."

கீழ்வீட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு அதிர்ச்சியே இல்லை. "அதுக்கென்ன, அப்பா கையெழுத்து எனக்கு நல்லா வரும். ஸ்கூல் ரிப்போர்ட்ல எல்லாம் நான்தானே போட்டேன்" என்று டீ ஊற்றிக் கொடுத்தார்.

நான் டீயைத் தொடவில்லை. மாடிக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "தச்சது அத்தனையும் கட்டிலுக்கடியில கெடக்கு. உண்மையச் சொன்னீங்க, வேண்டாம்னுட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி வேற வழி இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

புதிதாக விண்ணப்பம் போட்டோம்.

கையெழுத்துப் போட்டது அந்த மகன். சம்மதித்தது, காகிதப்படி, அந்த அப்பா. ஒரு கேள்விகூட வராமல் எண் வந்தது. உயிரோடு இருப்பவர் உண்மையைச் சொன்னால் சந்தேகப்படுகிற ஓர் அலுவலகம், எப்போதோ எரித்துவிட்ட மனிதரின் கையெழுத்தை நம்பிக்கொண்டது. வரி கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. அதைக் கட்டும் உரிமைக்காகப் பொய் சொல்ல வைத்ததுதான் அருவருப்பு.

எண்ணை எழுதிய பலகையை வாசலில் மாட்ட வேண்டும் என்பதும் சட்டம். ஆணி அடிக்க என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவளே ஸ்டூல் போட்டு மாட்டிவிட்டு, மதுரைக்குப் போக வேண்டிய முதல் பார்சலைக் கட்ட உட்கார்ந்தாள். பலகை இடப்பக்கம் சரிந்து தொங்குகிறது. வீட்டில் ஒரு காலண்டர் கோணினாலும் எழுந்து போய்ச் சரிசெய்கிறவன் நான். இதை இன்றுவரை தொடவில்லை.