ஆயுத பூஜையன்று ஓடாத மிஷின்

என் வலக்கை விரல்களைத் தின்ற மிஷின் அன்று ஓடவே இல்லை என்றது கோர்ட்டு.

மகாராஜா காலத்து மைசூரில் பட்டு மில்லில் எனக்கு வேலை. ஆயுத பூஜையன்று, பொட்டு வைத்த மிஷினை அவசர ஆர்டருக்காக ஓட்டச் சொன்னார் முதலாளி.

நஷ்டஈடு வழக்கை இரக்கப்பட்டு எடுத்துக்கொண்ட வக்கீல், "மேஸ்திரி சாட்சி சொன்னாப் போதும்ப்பா" என்றார். என் கையை வெளியே இழுத்தவரே அந்த மேஸ்திரிதான்.

கூண்டிலேறிய மேஸ்திரி, "பூஜை நாள்ல எவனாவது மிஷினைத் தொடுவானா, ஸ்வாமி?" என்றார்.

வெளியே வந்ததும் என் வக்கீலே கேட்டார்: "நிஜத்தைச் சொல்லு, வேற எங்கயோதானே அடிபட்டுது?"

அடுத்த பூஜைக்கும் மிஷினுக்கு மாலை போட்டார்கள்; மில் வாசலில் நானும் போய் நின்றேன். மேஸ்திரி பொரியும் சுண்டலும் கொண்டுவந்தார். நான் இடக்கையை நீட்டியதும், "பிரசாதம்ப்பா, அந்தக் கையிலயா?" என்று பதறினார்.

கோர்ட்டில் அவர் பதறவில்லை.